மூன்றாவது நிப்பர்

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சரி செய்கிறேன், சரி செய்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதில் உட்காருங்க. கரூரிலிருந்து வருகிற தமயந்திதானே? நேற்று போனில் பேசியது நான்தான். விளம்பரத்தில் சவரிராஜ் என்று போட்டிருந்ததே, அது என் வீட்டுக்காரர். அவர் இல்லை. முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். பதினோரு மணிக்குப் பொருளைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரியும். பத்தரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அந்தத் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறீங்க? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போயிட்டு வாங்க என்றேன்.

யாருக்கு வாங்குறீங்க, வீட்டுக்காரருக்கா? உங்களுக்கேவா! இந்த பிளாஸ்டிக் ரோபோ பொம்மை செய்கிற சாமானை வைத்து நீங்களே உட்கார்ந்து... சரி, சரி. தப்பாக எடுத்துக்காதீங்க. பார்த்தால் விவரமான பெண்ணாகத் தெரியுது, அதனால் கேட்டேன். என்ன வேலை பார்க்குறீங்க? பல் ஆஸ்பத்திரிகளுக்கு செட் பல் செய்து கொடுக்கிறதா! அது வேலை. அதில் ஒரு பிரயோஜனம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருவன் முறுக்கு கடிப்பான். இந்த ரோபோவால் யாருக்கு என்ன?

அங்கே என்ன பார்க்குறீங்க? அது கிறிஸ்மஸ் குடில். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து பத்து நாளாகிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஆமாம், ஆட்டிடையனுக்குப் பக்கத்தில் நிற்பது ரோபோதான். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோங்க. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் இந்த அட்டைப்பெட்டியைப் பிரிப்போம். விலையெல்லாம் அவரிடம் பேசிக்கோங்க, அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். இதோ, இது கம்ப்ரசர். தூக்கிப் பாருங்க. குழந்தை கனம் கனக்கும். இதிலிருந்து காற்று வந்து, இந்தப் பேனா மாதிரி இருக்கிறதே, இந்த ஏர்பிரஷ் வழியாக பெயின்ட் பனி மாதிரி விழுமாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது தொட்டி வைத்த கம்ப்ரசர். தொட்டி இல்லாததும் கிடைக்குமாம், அதில் காற்று விட்டு விட்டு வருமாம். தொட்டியா, தொட்டி இல்லாததா என்று ஒரு ஆகஸ்ட் மாதம் முழுக்க யோசித்தார். ஒரு மாதம்! சுதந்திர தினம் வந்து போயிற்று, மாதா பிறந்தநாளுக்கு வேளாங்கண்ணிக் கொடி ஏறிவிட்டது, இவர் தொட்டியிலேயே நிற்கிறார்.

அவர் சுபாவம் அப்படி. முப்பத்து நாலு வருஷம் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸில் இருந்தார். ஸ்பேனர் கேட்டு வருகிறவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. அந்த ஸ்பேனரைப் பிடித்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதையாவது திருகியிருப்பாரா? கிடையாது. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டில் ஒரு ஆணி அடிக்க நான் பக்கத்து வீட்டு அந்தோணியைக் கூப்பிட வேண்டும்.

போன ஜூனில் ரிட்டையர் ஆனார். அந்த வாரமே புனேயிலிருந்து ஒரு பார்சல். அங்கேதான் எங்கள் ஒரே பெண் ஜெனிட்டா வேலை பார்க்கிறாள். பார்சல் அப்பாவுக்கு. எனக்கு அல்ல, அப்பாவுக்கு. பிரித்தால் உள்ளே இந்த அகலத்துக்கு ஒரு பெட்டி, மேலே வாளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு ரோபோ. அறுபது வயது ஆளுக்கு! கூடவே ஒரு துண்டுச் சீட்டு. படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கா?"

"கிறிஸ்மஸுக்கு வர்றாளாம்."

அவ்வளவுதான் சொன்னார். மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கான்வென்ட்டில் எங்களை அப்படி வளர்க்கவில்லை.

மூன்று வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறாதவள் வருகிறேன் என்கிறாள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் வர வேண்டும், வந்து இந்த மேஜையில் உட்கார்ந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்கு ரோபோ வந்தால் என்ன, ராக்கெட் வந்தால் என்ன? இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஆனால் அவர் பெட்டியைப் பிரிக்க வேண்டுமே! பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜை ஓரத்தில் வைத்துத் தினமும் துடைப்பார். "இருக்கட்டும் ஆலிஸ், டிசம்பர் வரட்டும்." டிசம்பருக்கும் அதற்கும் என்ன? ஒரு வேலையைத் தொடங்காமல் இருக்க ஆம்பிளைகளுக்குக் காரணமா பஞ்சம்! தொடங்குவதற்கு பதிலாகச் சாமான் வாங்கத் தொடங்கினார்.

அது என்ன பெரிய கட்டடமா? ஒரு சட்டத்தில் கையும் காலும் விரலும் கொடியில் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நறுக்கி எடுத்து ஒன்றுக்குள் ஒன்றை அழுத்தினால் பொருந்திவிடும். பசைகூட வேண்டாம். நகவெட்டி போதும். நான் சொன்னேன், நகவெட்டி போதுமே என்று. என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்க்கிற மாதிரி.

நறுக்க நிப்பர் வேண்டுமாம், குட்டிக் குறடு மாதிரி ஒன்று. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நிப்பர்தான். வீடியோவில் யாரோ ஒரு பையன் நிப்பரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறான், இவர் குறிப்பெடுக்கிறார். அவர் குறிப்பெடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முந்தைய மறைக்கல்வி வகுப்பில்கூடத் தூங்கினவர். கடைசியில் ஒன்று வந்தது. அது தள்ளி நறுக்க. இரண்டாவது வந்தது, அது ஒட்டி நறுக்க. "ஒரேயடியா ஒட்டி நறுக்கினா அந்த இடம் வெளுத்துப் போயிடும் ஆலிஸ்." வெளுத்தால் வெளுக்கட்டும், யார் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அப்புறம் மூன்றாவது. அது ஜப்பானிலிருந்து வர ஆறு வாரம்.

"இது எதுக்கு?"

"இது வேற மாதிரி."

"என்ன வேற மாதிரி?"

"கொஞ்சம் வேற."

வாயில் கொழுக்கட்டை. அதை ஒரு நாள்கூட அவர் உபயோகித்து நான் பார்க்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டார், கல்யாணச் செயினை வைக்கிற மாதிரி. இதோ அடியில் இருக்கிறது. எடுங்க, அப்புறம் பார்க்கலாம்.

இது அறுக்கிற பாய். கீழே விரித்துக்கொண்டு கத்தியால் வெட்டினால் மேஜையில் கீறல் விழாது. நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் இரண்டு? கத்தி இரண்டு. பாருங்க, இடுக்கி இரண்டு. முகமூடி இரண்டு. அரம் இரண்டு செட். நோவா பேழையில் ஏற்றின மாதிரி எல்லாம் ஜோடி ஜோடி. கேட்டால், "ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டுமே." ஸ்டோர்ஸ் புத்தி!

உப்புத்தாள் எத்தனை தினுசு தெரியுமா? நானூறு, அறுநூறு, எண்ணூறு, ஆயிரம். எண் ஏற ஏற மழமழவென்று ஆகுமாம். ஆயிரம் நம்பர் தாளை நான் தடவிப் பார்த்தேன், அதைவிட என் பாத்திரம் தேய்க்கிற நாரில் சொரசொரப்பு அதிகம்.

அப்புறம் பெயின்ட். அட, அதைக் கேளுங்க. பிரஷ்ஷால் அடிப்பதா, டப்பாவை அமுக்கி ஸ்பிரே அடிப்பதா, ஏர்பிரஷ்ஷா? நான் இருபத்தாறு வருஷமாகக் குடில் சொரூபங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். அங்கே நிற்கிற சூசையப்பருக்குப் பழுப்பு, மாதாவுக்கு நீலம், ஆட்டுக்குட்டிக்கு வெள்ளை, எல்லாம் நான்தான். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, ஆலிஸ், உங்க கை கை இல்ல என்றார். வீட்டுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாளே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியதா? தோன்றவில்லை. வாசனையே இல்லாத தண்ணீர்ப் பெயின்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அடிக்கிறபோது தூசியை இழுத்து ஜன்னலுக்கு வெளியே தள்ள ஒரு பெட்டி வேறு, மின்விசிறி வைத்து. இந்த வீட்டில் யாருக்கு வாசனை ஆகாது? எனக்கு டர்பென்டைன் வாசனை என்றால் உயிர். அவருக்கு மூக்கே கிடையாது. பால் தீய்ந்தால் நான் அடுத்த தெருவிலிருந்து ஓடி வர வேண்டும்.

இதெல்லாம் என்ன ஸ்பூன் என்று கேட்பீங்க. ஐஸ்கிரீம் ஸ்பூன். ரோபோவில் அடிப்பதற்கு முன்னால் ஸ்பூனில் அடித்துப் பழகணுமாம். நாற்பது ஸ்பூன்! ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டு, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டி, என் புடவையும் ஸ்பூனுமாக ஆடிக்கொண்டிருந்தது. மாலையில் வீடியோ கால். ஒவ்வொரு ஸ்பூனாகத் தூக்கிக் காட்டுவார். அவள் அங்கிருந்து, "ஏழாவது நல்லாருக்குப்பா, பதினொண்ணு ரொம்ப ரத்தம் மாதிரி இருக்கு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். ஸ்பூனைப் பார்த்து என்ன சிரிப்போ! நான் சமையலறையில் இருப்பேன். ஒரு நாள், "அம்மா எங்கே?" என்று கேட்டாள். "குக்கர் வச்சிருக்கா" என்றார்.

நான் குக்கர் வைக்கவில்லை. சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்குள் சண்டை என்று நினைச்சுக்காதீங்க. சண்டையெல்லாம் இல்லை. அவளுக்கு இடதுகைப் பழக்கம், அவ்வளவுதான் விஷயம். எனக்கும் அது இருந்தது. பிறவியிலேயே. ஒன்றாம் வகுப்பில் சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருவர், என் ரிப்பனையே அவிழ்த்து என் இடதுகையை பெஞ்சோடு கட்டிவிடுவார். மீறி எடுத்தால் ஸ்கேல், இந்த முட்டியில். ஆறே மாதம். நான் அழக்கூட இல்லை. ஏழாவதில் கையெழுத்துப் போட்டியில் மறைமாவட்டத்திலேயே முதல் பரிசு, வலதுகையால். சிஸ்டர் இல்லை என்றால் நான் என்ன ஆகியிருப்பேன் சொல்லுங்க. ஒரு நல்ல காரியத்துக்கு விளக்குப் பிடிக்கக்கூட யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதே மாதிரி இவளையும் திருத்தப் பார்த்தேன். திருந்தவில்லை. மழை பிடித்தால் இழுப்பு வந்து மூச்சு வாங்கும், அப்போது முதுகைத் தடவ மட்டும் அம்மா வேண்டும். இழுப்பு நின்றதும் பென்சில் இடதுகைக்குப் போய்விடும். எட்டு வயதில் அந்தக் கைக்கு ஒரு சாக்ஸை மாட்டித் தைத்துவிட்டேன். அப்பாக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துவிட்டார். இப்படிச் செல்லம் கொடுத்தால் எப்படித் திருந்தும்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அருமையான குடும்பம், இரண்டு சாமியார்கள் அந்த வீட்டில். காபி கொடுக்கச் சொன்னேன். காதோடு சொன்னேன், வலதுகையால் கொடு என்று. என்ன செய்தாள் தெரியுமா? தட்டை வலதுகைக்கு மாற்றிக்கொண்டு, கப்பை இடதுகையால் எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினாள். வேண்டுமென்றே! அந்த அம்மாள் கையை நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். லேசாகத்தான். கப் விழுந்தது. காபி முழுக்க அவள் மேலேயே கொட்டியது. வந்தவர்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை, அந்த மட்டும் சேசுவுக்கு நன்றி. அடுத்த வாரம் புனேயில் வேலை என்று போனவள்தான்.

ஒரு தட்டுக்கு மூன்று வருஷம்! நீங்களே சொல்லுங்க.

சரி, ரோபோவுக்கு வருவோம். நவம்பர் கடைசியில் திண்டுக்கல்லில் அவர் தங்கை வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை, ஐந்து நாள் தங்கி வருகிறேன் என்று போனார். நான் போகவில்லை, கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு அரைக்கணும், மேஜையைக் காலி பண்ணணும். மேஜையில் இந்தப் பெட்டி. பார்த்தேன். ஆறு மாதம், மூன்று நிப்பர், நாற்பது ஸ்பூன், ஒரு கம்ப்ரசர், பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. டிசம்பரில் அவள் வருவாள், இவர் அப்போதும் எந்த அரம் என்று தேடிக்கொண்டிருப்பார். இவருக்காக அந்தப் பெண் வெட்கப்பட வேண்டுமா? பிரித்தேன்.

நாலே நாள். நகவெட்டி, காய்கறிக் கத்தி, நகம் தேய்க்கிற அட்டை. அவருடைய சாமான் ஒன்றையும் தொடவில்லை. தொட மாட்டேன். புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. படம் இருக்கிறதே, போதாதா? ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவளுக்கு இது ஒரு கணக்கா? கடைசியில் ஒரு பிடி உதிரி மிச்சம். வேண்டாததையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அப்புறம் என் குடில் பெயின்ட். ஹார்டுவேர் கடை எனாமல், பளபளவென்று இருக்கும். நெஞ்சுக்கு மாதாவின் நீலம், காலுக்கு ஆட்டுக்குட்டி வெள்ளை, வாளுக்கு, குடில் மேலே பறக்கிற சம்மனசின் இறக்கைத் தங்கம். நீங்களே பாருங்க, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எப்படி மின்னுகிறது! பக்கத்தில் போகாதீங்க. பெயின்ட் மூட்டுக்குள் இறங்கி வலதுகை மேலே தூக்கினபடி ஒட்டிக்கொண்டது. அதனால் என்ன, ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு முழங்கால் டர்பென்டைன் பட்டு விண்டுவிட்டது, ஃபெவிக்விக் போட்டேன். குடிலில் வைத்தால் யாருக்குத் தெரியும்? கேரல் பாட வந்த பிள்ளைகள், "ஆன்ட்டி, நாலாவது ராஜாவா?" என்று கேட்டன. பிடித்திருந்தது அவர்களுக்கு.

யாருக்குக் காட்ட நினைத்தேனோ, அது வேறு. அவள் வந்து பார்த்து, 'இது யாரு செஞ்சது? அம்மாவா?' என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்குத்தான் முதுகு விண்டுபோக நாலு நாள் குனிந்து உட்கார்ந்தேன்.

அவர் திண்டுக்கல்லிலிருந்து வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. குடிலைப் பார்த்தபடி நின்றார்.

"பெட்டி எங்க ஆலிஸ்?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

பக்கத்தில் போனார். தூக்கின அந்தக் கையைத் தொட்டு மெல்ல இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. "நல்லாருக்கு" என்றார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். அவ்வளவுதான் பாராட்டு. நாலு நாள் உழைப்புக்கு ஒரு நல்லாருக்கு! நானே போட்டோ எடுத்து ஜெனிக்கு அனுப்பினேன். 'சரிம்மா' என்று வந்தது. மறுநாள் அப்பாவுக்கு போன், லீவு கிடைக்கவில்லையாம். லீவு கிடைத்துவிட்டது என்று அக்டோபரிலேயே சொன்னாள், அது டிசம்பரில் எங்கே போகும்? இந்த ஐ.டி. கம்பெனிகளே இப்படித்தான், மனுஷத்தன்மை கிடையாது.

கிறிஸ்மஸுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். கேக்கை அந்தோணி வீட்டுக்குக் கொடுத்தேன். புது வருஷம் பிறந்ததும் இவர் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகத் துடைத்து இந்தப் பெட்டியில் அடுக்கினார். விளம்பரம் போட்டுவிட்டேன் என்றார். பார்த்தீங்களா, எதையும் பாதியில் விடுகிற புத்தி! நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, நிப்பரைப் பாருங்க. மூன்றாவதைப் பிரிச்சுட்டீங்களா? நறுக்கிப் பார்க்க ஏதாவது வேணுமே, இருங்க. அந்த மணிபிளான்ட் தொட்டியில் பந்தல் மாதிரி நட்டிருக்கிறேனே, அது ரோபோவின் சட்டம்தான். உறுப்பையெல்லாம் எடுத்த பிறகு சும்மா போடுவானேன் என்று கொடி ஏற்றிவிட்டேன். ஒரு கிளை ஒடிச்சுக்கோங்க.

என்ன, சரியாக வெட்டவில்லையா? பார்த்தீங்களா! ஆறு வாரம் காத்திருந்து வாங்கின லட்சணம். தேர்ந்தெடுக்கத் தெரிந்தால்தானே? மொக்கையா?

மொக்கை இல்லையா? பின்னே?

என்னது?

இடதுகைக்காரர்களுக்கா? நிப்பரிலா? அப்படி ஒன்று செய்கிறார்களா என்ன? எங்கே காட்டுங்க. ஒரு பக்கம்தான் கூர், மறுபக்கம் சும்மா தாங்கிப் பிடிக்கிறது... தட்டையான பக்கம் உறுப்பை ஒட்டி இருக்கணும்... வலதுகையில் பிடித்தால் தலைகீழாகப் போகிறது. ஆமாம். புரிகிறது.

தப்பாக வந்திருக்கும். அவருக்கு வலதுகை. சோறு, சவரம், சிலுவை போடுவது எல்லாம் வலதுகைதான். அனுப்புகிறவன் மாற்றி அனுப்பியிருப்பான்.

இல்லை. மாற்றி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்ஸ். எண் மாறின ஒரு நட்டை அந்த மனுஷன் உள்ளே விட்டதில்லை.

இருங்க. அந்த முகமூடியைக் கொடுங்க. இரண்டில் ஒன்று சின்னதாக இருக்கிறது, பார்த்தீங்களா? நான் கவனிக்கவே இல்லை. பாய் இரண்டு. கத்தி இரண்டு. வாசனை இல்லாத பெயின்ட்.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பார். கேட்டால் எதையும் சொல்கிற ஆள்தான் அவர்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. தண்ணீரெல்லாம் வேண்டாம். அதை இப்படிக் கொடுங்க. அந்தக் கையில் இல்லை, இந்தக் கையில். எப்படிப் பிடிப்பது என்று நீங்க சொல்லித் தர வேண்டாம்.

டக்.

கேட்டீங்களா சத்தம்? வெண்ணெய் மாதிரி இறங்குது. வெளுப்பு இருக்கிறதா பாருங்க. இல்லை. துளிகூட இல்லை. இன்னொரு கிளை ஒடிங்க. நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது, இந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்து. மறக்கவே இல்லையே, சனியன். இன்னொன்று. கொடி சரிந்தால் சரியட்டும், அதை யார் பார்த்தார்கள்? அந்த அடிக்கட்டையையும் கொடுங்க.

நகவெட்டியால் நான் பண்ணினேனே அந்த ரோபோ, அதைக் கொஞ்சம் திருப்பி வையுங்க. சுவரைப் பார்த்து. ஆமாம், அப்படியே.

இது விற்பனைக்கு இல்லை. இது மட்டும் இல்லை, எதுவுமே இல்லை. கம்ப்ரசரைத் திரும்ப உள்ளே வையுங்க. மெதுவா, மெதுவா, தொட்டி இடிக்கப் போகுது. கரூரிலிருந்து பஸ் ஏறி வந்தீங்க, வீண்தான், எனக்குத் தெரியும். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்க, வஞ்சிர மீன் குழம்பு. ஒரு உதவி செய்யணும் எனக்கு. அந்த ரோபோ எந்த ரோபோ என்று உங்களுக்கு அடையாளம் தெரியுமில்லையா, பெயின்ட்டையும் மீறி? அதே பெட்டி இன்னொன்று எங்கே கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்க. பிரிக்க மாட்டேன். துடைக்கக்கூட மாட்டேன், அவரே துடைக்கட்டும். அப்படியே மேஜையில் இருக்கும், எந்த டிசம்பர் வரைக்கும் ஆனாலும்.

இந்தாங்க என் போன். இந்தக் கையை ஒரு படம் எடுங்க, நிப்பரைப் பிடித்திருக்கிற மாதிரி. என் மூஞ்சி வேண்டாம், கை மட்டும். முட்டியில் அந்தத் தழும்பு தெரிகிறதா? தெரியட்டும். ஜெனிட்டா என்று இருக்கும் பாருங்க, அவளுக்கு அனுப்புங்க. கீழே என்ன எழுதுவதா? ஒன்றும் எழுத வேண்டாம். மன்னிப்பெல்லாம் என்னால் கேட்க முடியாது, எனக்கு அது வராது. கையைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா என்ன? போய்விட்டதா? சரி, போனைக் கவிழ்த்து வையுங்க. பதில் வருகிறபோது வரட்டும், நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

வந்துவிட்டதா ஏதாவது? சும்மா கேட்டேன்.

கேட் சத்தம். அவர்தான். சீக்கிரம், அந்த மஞ்சள் துணியை எடுங்க, எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே சுற்றணும். மூலையை உள்ளே மடியுங்க. இவ்வளவு நேரம் கழித்து வருகிறார், சலூனில் வெட்டினதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகமாக இருக்கும். தன் சாமானை அடுத்தவர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க தைரியம் இல்லை. கோழை.

நான் தடுத்தேன் என்று சொல்லிடாதீங்க. சாமான் ஒன்றும் சரியில்லை, தேர்ந்தெடுக்கத் தெரியாமல் வாங்கியிருக்கீங்க, எனக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்க. முகத்துக்கு நேராகச் சொல்லுங்க, தயங்காதீங்க. நம்பிவிடுவார். முப்பது வருஷமாக நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.